மேட் பேப்பரில் உன் அக்கா

செந்தில்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போனில் திட்டலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இந்த ஹைதராபாத் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத தமிழை உனக்கு நான் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அது இப்படி ஒரு கடிதத்தைப் படிக்க உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. முழுக்கப் படி. பாதியில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே. அவருக்கும் உன்மேல் கோபம்தான். சொல்லத் தெரியாமல் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக்காட்டலாம். ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை.

நேற்று உன் கூரியர் வந்தது. பிரித்தால் உன் அக்கா கலையின் போட்டோ, அதே ஒரு போட்டோ, ஒரு கட்டு. மேலே இங்கிலீஷில் ஒரு சீட்டு. இனிமேல் வரன் வீட்டுக்காரர்களுக்கு இதைத்தான் கொடுக்கவேண்டும், பளபளப்பான கிளாஸி பேப்பரில்தான் முகம் பளிச்சென்று வருகிறது, நாங்கள் போட்ட பளபளப்பில்லாத மேட் பிரிண்டில் அக்கா ரொம்ப டல்லாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இதையே மெயிலில் அனுப்பியாகிவிட்டது என்றும், ஹாலில் மாட்டியிருக்கும் மேட் பிரிண்டை அன்றைக்கு மட்டும் கழற்றி உள்ளே வைத்துவிடச் சொல்லியும் எழுதியிருந்தாய். உன் அக்காவைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்கிறாய். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாயா? சரி, பேப்பரைப் பற்றியே பேசுவோம்.

போன தீபாவளிக்கு நீ அந்த பிரிண்டரை வாங்கி வந்தாய். ஸ்டூடியோவுக்கு எதற்கு அலையவேண்டும், வீட்டிலேயே அக்காவுக்கு நல்ல போட்டோ போட்டுத் தருகிறேன் என்று அவளை மொட்டை மாடியில் நிற்கவைத்து டிஜிட்டல் கேமராவில் எடுத்தாய். மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அக்காவுக்காகப் பையன் இப்படி மெனக்கெடுகிறானே என்று உனக்கு வாழைக்காய் பஜ்ஜி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த பஜ்ஜியை நினைத்தால் இப்போதும் கைதான் பரபரக்கிறது. பிரிண்ட் வந்தபோது கலை ஏன் இவ்வளவு வெளுப்பாக இருக்கிறாள் என்று கேட்டேன். பிளாஷ் வெளிச்சம் என்றாய். கிளாஸி பேப்பர் அப்படித்தான் காட்டும் என்றாய். இரண்டில் ஒன்று பாதி உண்மை, ஒன்று முழுப் பொய். மொட்டை வெயிலில் எடுத்த போட்டோவுக்கு பிளாஷ் எங்கிருந்து வந்தது?

தார்நாகாவிலிருந்து அந்தக் குடும்பம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீ ஆபீஸ் வேலை என்று வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பையனின் அம்மா கைப்பையிலிருந்து உன் பிரிண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கலை பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். அவர் அவளைப் பார்த்தார், மடியிலிருந்த போட்டோவைப் பார்த்தார், காபியை எடுத்துக்கொண்டார், என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"காபி மூத்தவங்க கொண்டாந்துட்டாங்க. போட்டோல இருக்கற பொண்ணு உள்ள இருக்காங்களா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இந்த வீட்டில் இரண்டு பெண்கள் என்று நினைத்துவிட்டார். உன் அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கலைதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னாள்.

"அது நான்தாங்க. இந்த வீட்ல வேற பொண்ணு இல்ல."

பிறகு அவர்கள் என்ன பேசினார்கள், எப்படிக் கிளம்பினார்கள் என்று கேட்காதே. அந்த அம்மாளுக்கு எங்களைவிட அதிகமாகக் கூச்சம். போகும்போது போட்டோவை டீபாயில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்மேல் யாரோ ஈர டம்ளரை வைத்திருந்தார்கள். நீ வாங்கிய மலிவு கிளாஸி பேப்பரில் மை கரைந்து, கன்னத்தில் வட்டமாக ஒரு வெள்ளை. கலை அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, மறுநாள் வேலைக்கு உடுத்த வேண்டியதை இஸ்திரி போட உட்கார்ந்தாள். அன்று ராத்திரி உனக்குப் போன் செய்தபோது "அவங்க ஓல்ட் ஃபேஷன்மா, விடு" என்றாய். எனக்கு இன்றுவரை விட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கலைதான் ஆரம்பித்தாள். பிரிண்டர் சும்மா கிடக்கிறது, நாமே போடலாம் வா என்றாள். நீ கை வைப்பதற்கு முன்னால் இருந்த போட்டோ கேமராவில் அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் செகந்திராபாத் போய் விதவிதமாகப் பேப்பர் பார்த்தோம். கடைக்காரர் மேட் பேப்பரை எடுத்துக்கொடுக்கவே யோசித்தார். "மேட் கைக்கு மேடம், ஷாதி போட்டோ ஹை நா, கிளாஸி லேலோ" என்றார். கல்யாணப் போட்டோவுக்குப் போய் மேட் எதற்கு என்கிறார். அவர் வியாபாரம் அவருக்கு. எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி வந்தோம்.

முதலில் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணப் பேப்பரில் போட்டோம். மை ஊறி, காகிதம் நெளிந்து, அவள் முகம் காய்ச்சலில் படுத்தவள்போல இருந்தது. பிறகு உன்னுடைய கிளாஸி. முகத்தைத் தொடாமல் அப்படியே போட்டும் அதில் நீலம் பாய்ந்ததுபோல ஒரு வெளுப்பு வந்தது. அந்தப் பேப்பரை வெறுமனே ஜன்னலோரம் பிடித்துப் பார், சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி மாதிரி இருக்கும். வெளுப்பு பேப்பரிலேயே இருக்கிறது, அதன்மேல் எந்த நிறத்தைப் போட்டாலும் கொஞ்சம் செத்துத்தான் வருகிறது. நீ சொன்ன பாதி உண்மை இதுதான். மீதியை உன் மவுஸ் செய்தது.

மேட் பேப்பரில் முதல் தடவை நாங்களும் கோட்டை விட்டோம். மை பிடிக்கிற பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும் என்பது தெரியாமல் திருப்பி வைத்துவிட்டோம். புருவம் கலங்கிப் போயிற்று. ஈரவிரலால் ஓரத்தைத் தொட்டால் எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அதுதான் நல்ல பக்கம் என்று கலை கண்டுபிடித்தாள். பக்கத்தைச் சரிசெய்து போட்டால், இப்போது அளவுக்குமீறிக் கருப்பு. பார்த்தால், கம்ப்யூட்டரில் பேப்பர் வகை என்கிற இடத்தில் நீ வைத்த கிளாஸி அப்படியே இருந்தது. எந்தப் பேப்பரை வைக்கிறோமோ அதை பிரிண்டருக்கும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டுக்கு மையைக் கொட்டும். அந்தக் கருப்புப் பிரிண்டைப் பார்த்து "செந்திலுக்கு இத அனுப்பும்மா, மயக்கம் போட்டு விழட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதையும் மாற்றிய பிறகு வந்ததுதான் ஹாலில் இருப்பது. சுத்த வெள்ளையில்லாமல் லேசாகப் பால் ஏடு நிறத்தில் இருக்கிற பேப்பர். ட்யூப்லைட்டில் பார்த்தால் பச்சையடிக்கிறது என்று அதை ஜன்னலுக்கு எடுத்துப் போய், தன் மணிக்கட்டைப் போட்டோவின் கழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

டல் என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன், மேட் பேப்பரில் கூந்தலின் கருப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது, பட்டின் ஜரிகை மின்னவில்லை. ஜரிகை மின்னவேண்டுமானால் புடவைக் கடைக்குப் போகட்டும். கை மாறிக் கை போகிற போட்டோ, மேட்டில் விரல் ரேகை விழாது. கண்ணாடி போட்டு மாட்டினால் கண்ணாடியின் பளபளப்பே போதும். ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைத்து மாட்டினோம். இத்தனையும் யோசித்துத்தான் அந்தப் பேப்பரை எடுத்தோம். நீ ஒரு சீட்டில் அதைக் கழற்றச் சொல்கிறாய்.

அன்றைக்குப் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கலை எனக்கு ஒன்று சொன்னாள். நீ ஏழாவது படிக்கும்போது நடந்தது, இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நீ டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனாய் என்று நான் அப்போது பாடம் நடத்திய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பீரியட் பர்மிஷன் போட்டு ஓடிவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனேன். உன் கூட நின்ற பையன் என்னைக் காட்டி, யார் அது, உங்கள் வீட்டு ஆயாவா என்று கேட்டிருக்கிறான். நீ "ஹவ்" என்று, ஆமாம் என்று சொல்லியிருக்கிறாய். பக்கத்து வரிசையில் நின்ற உன் அக்கா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வருஷத்திலிருந்துதான் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பாவை அனுப்பு, அப்பாவை அனுப்பு என்று அடம்பிடித்தாய். ஒர்க்‌ஷாப்பில் லீவு கிடைக்காது என்று அவர் முனகினாலும் உனக்காகப் போனார். ஆண் பிள்ளை, அப்பா வந்தால்தான் பெருமை என்று நானும் விட்டுவிட்டேன். அப்போது நீ சின்னப் பையன், போகட்டும். இப்போது உனக்கு மீசை வைத்துக் கல்யாணம் பேசுகிற வயது.

உன் அப்பாவின் நிறம் உனக்கு. என் நிறம் கலைக்கு. அதில் உனக்கும் அவளுக்கும் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வேலூரில் ஸ்டூடியோக்காரர் என் முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பெரிய லைட்டை நேராகப் போட்டு எடுத்துக் கொடுத்தார். உன் அப்பா அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, மாவில் விழுந்தவள்போல இருக்கிறாளே என்று பயந்துபோய்த்தான் வந்தாராம். நேரில் பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவருக்குப் பேசத் தெரியாது, ஆனால் அன்று பேசியது போதும் எனக்கு. உனக்கு அவர் மூக்கு வந்திருக்கிறது, அந்தப் புத்தி வரவில்லை.

உன் அவசரம் எனக்குத் தெரியாமலில்லை. கூட வேலை பார்க்கும் ஸ்ராவணியை உனக்குப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் உன்னை. தெலுங்குப் பெண் என்று இந்த வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவள் வீட்டில் உன் அக்கா கல்யாணம் முடியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் அக்காவைச் சீக்கிரம் தள்ளிவிடவேண்டும் உனக்கு. நாளைக்கு ஒருவன் அந்தப் போட்டோவைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், தினமும் காலையில் எழுந்து இவள் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோனால் அதை யார் தாங்குவது? நீயா? நீ அப்போதும் மீட்டிங்கில் இருப்பாய். கலைக்குக் கல்யாணம் ஆகாவிட்டாலும் சோறு இருக்கிறது, வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அவளுடைய முகத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு நடத்துகிற கல்யாணம் எனக்கு வேண்டாம். உனக்கு அவசரமென்றால் முதலில் நீ பண்ணிக்கொள் என்று அவளே எத்தனை தடவை சொல்லிவிட்டாள்.

நேற்று சாயந்தரம் மல்லாபூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவளிடம் உன் கவரை மறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே மேலே இருந்த இரண்டு மூன்றைப் பார்த்தாள். சீட்டையும் படித்தாள். மருந்துக் கம்பெனி லேபில் வேலை செய்கிறவள் அல்லவா, அவளுக்குத் தோன்றியது இதுதான்.

"மாத்திர கலர் கொஞ்சம் மாறினாலே நாங்க பேட்ச்சயே ரிஜெக்ட் பண்ணுவோம்மா. இவன் என்னயே கலர் மாத்திட்டான்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, அவளைச் சமாதானப்படுத்துவதில் பொழுது போயிருக்கும். பிறகு அவள் ஜாதகக் கவரிலிருந்து நம்பரைப் பார்த்துச் சென்னைக்குப் போன் போட்டாள். பையனே எடுத்தான். என் முன்னால், உன் அப்பாவின் முன்னால் பேசினாள்.

"நான் கலைவாணி பேசறேங்க, ஹைதராபாத்லேருந்து. என் தம்பி அனுப்பின போட்டோ நான் இல்ல. நான் எப்படி இருக்கேனோ அந்த போட்டோ கூரியர்ல வருது. பாத்துட்டு, வரணும்னு தோணினா வாங்க."

அந்தப் பையன் வீட்டில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். இன்று காலையில் அவள் மேட் பிரிண்ட் ஒன்றை அட்டை வைத்துக் கவரில் போட்டு, வேலைக்குப் போகும் வழியில் அனுப்பிவிட்டாள். இதுவரை அங்கிருந்து போன் வரவில்லை. வருவார்களா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கேசரி கிளற ரவை வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் வராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவோம். ஹாலில் இருப்பது ஹாலிலேயே இருக்கும்.

இதோடு முடித்திருப்பேன். உன் கட்டைக் கிழித்துப் போடலாம் என்று இன்று மத்தியானம் எடுத்தேன். நடுவில் வேறு ஒரு போட்டோ இருந்தது. அவசரத்தில் சேர்த்து வைத்துவிட்டாய்போல. அப்பா ரிட்டயர் ஆன அன்று நாம் நாலு பேரும் நின்று எடுத்துக்கொண்டது. அதே கிளாஸி. பின்பக்கம் பென்சிலில் ஸ்ராவணியின் அப்பா அம்மாவுக்கு ஒன்று கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு காப்பி அவர்களிடம் போய்விட்டது என்பதை இதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதில் அப்பா அப்பாவாகவே இருக்கிறார். நீ நீயாகவே இருக்கிறாய். கலை எப்படி இருக்கிறாள் என்று சொல்லவேண்டியதில்லை. உனக்குப் பக்கத்தில், என் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, என் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு அம்மாள் நிற்கிறாள். கோதுமை மாவுபோல முகம். முதலில் எனக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முகத்தையும் கழுத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தவன், உன் தோளின்மேல் இருக்கிற கையை மறந்துவிட்டாய். கை மட்டும் கருப்பாக, என்னுடையதாகவே இருக்கிறது.

கலை தன் போட்டோவைத் தானே சரிசெய்துகொண்டாள். என்னுடையதை நான் சரிசெய்யப் போவதில்லை, அது உன் வேலை. அந்த வீட்டுக்கு நீயே போ, போன் போதாது. அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என் அம்மா இவளில்லை, என் அம்மா கருப்பு என்று உன் வாயால் சொல். தெலுங்கில் சொல், ஹிந்தியில் சொல், எதில் வேண்டுமானாலும் சொல். சொல்லிவிட்டு ஸ்ராவணியைக் கூட்டிக்கொண்டு பகலில் வா, நான் வாசலில் நின்று வரவேற்கிறேன், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்படிச் சொல்ல உன்னால் முடியாது என்றால் கல்யாணத்தை நன்றாக நடத்து. அப்பாவை அழைத்துக்கொள், கலையைக் கேட்டுப்பார். உனக்குப் பக்கத்தில் அம்மா என்று நிற்க, போட்டோவில் இருக்கிற அந்த அம்மாளைக் கூப்பிட்டுக்கொள். நான் வரமாட்டேன்.

அம்மா